கலீலியோவின் ஆர்.டி. கணக்கு

“உச்சியில கல்லு ஒரு கணம் நிக்குதேப்பா, அப்ப அங்க ஈர்ப்பும் பூஜ்யம்தானே?” நாக்பூரில் ஒன்பதாவது படிக்கும் மகளின் கேள்வி. நானோ பி.காம்., வங்கி உத்தியோகம். பழைய கதையைத் தேடிப் போனேன்.

1604-இல் கலீலியோவே தப்பாகத்தான் ஆரம்பித்தார். விழுந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் கூடும் என்று நண்பர் சார்ப்பிக்கு எழுதினார். தூரமில்லை, நேரம் என்று பிறகுதான் பிடிபட்டது. சாய்வான பலகையில் வெண்கலக் குண்டை உருட்டி, ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரம் அளந்ததை 1638-இல் வந்த புத்தகத்தில் சொல்கிறார். சம நேரங்களில் கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வந்தன.

நம்ம ஆர்.டி.தாங்க இது! நொடிக்கு 9.8 வேகம் வரவு. ஆரம்ப இருப்பு, முடிவு இருப்பு இரண்டின் சராசரிதான் அந்த நொடியில் விழுந்த தூரம்: 4.9, 14.7, 24.5 மீட்டர். மேலே எறிந்தால் அதே 9.8 பற்று. உச்சியில் இருப்புதான் பூஜ்யம், பற்று நிற்பதில்லை. அடுத்த கணமே ஓவர்டிராஃப்ட், கல் கீழே வருகிறது :-)

இதற்குத் தணிக்கை செய்தவர் யார் தெரியுமா? பூமி சுற்றுகிறது என்பதையே ஏற்காத பாதிரியார் ரிச்சோலி. 1640-களில் போலோன்யாவின் அசினெல்லி கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டு, ஊசல் அசைவை எண்ணிப் பார்த்தார். 1, 3, 5, 7 சரியாக வந்தது. 1651-இல் அப்படியே அச்சிட்டும் விட்டார், மனுஷன்.