தொண்டையில் நின்ற குரல் – ஹயீம் சூற்றீனின் வாழ்வும் ஓவியமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரம் உலக ஓவியக் கலையின் தலைநகராக விளங்கியது என்பர். அப்பெருமையை அந்நகருக்கு ஈட்டிக் கொடுத்தோருட் பெரும்பாலார் பிரெஞ்சு மண்ணிற் பிறந்தவர் அல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பிக்காசோ ஸ்பெயினிலிருந்தும், மொடிலியானி இத்தாலியிலிருந்தும், சிற்பி பிரான்குசி ருமேனியாவிலிருந்தும், ஷகால் ரஷ்யப் பேரரசிலிருந்தும் வந்தவர்கள். இவர்களுள்ளும் எளிதில் வகைப்படுத்த முடியாதவராக நிற்பவர் ஹயீம் சூற்றீன்.

சூற்றீனைப் பற்றி எழுதப்புகுந்தோர் நெடுங்காலமாக இரு விளக்கங்களை வழங்கி வந்துள்ளனர். அவர் கட்டுக்கடங்காத உணர்ச்சிவேகத்தாற் செலுத்தப்பட்ட, பயிற்சியாற் பண்படாத மேதை என்பது ஒன்று. யூத இனத்தின் தொன்மையான துயரமே அவரது தூரிகை வழியே பீறிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஓரளவு கவர்ச்சியுடையன. ஆயினும், ஒரு கலைஞனின் ஆக்கத்தை அவனது பித்துக்கோ குருதிக்கோ உரியதாக்கிவிட்டால், அவன் வாழ்ந்த சமூகமும் அவன் கற்ற கல்வியும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். சூற்றீனின் வாழ்க்கையை அதன் வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்கும்போது வேறொரு தெளிவு பிறக்கின்றது.

1893ஆம் ஆண்டில், மின்ஸ்க் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்மிலோவிச்சி என்னும் சிற்றூரிலே சூற்றீன் பிறந்தார். இன்று பெலாருஸ் நாட்டுக்குட்பட்ட அவ்வூர் அன்று ரஷ்யப் பேரரசின் மேற்கு மாகாணங்களுள் ஒன்றில் இருந்தது. பேரரசின் யூதக் குடிகள் சட்டத்தினால் இம்மாகாணங்களுக்குள்ளேயே பெரும்பாலும் அடக்கி வைக்கப்பட்டிருந்தனர். பழைய உடைகளைத் தைத்துச் செப்பனிடும் ஏழைத் தையற்காரர் ஒருவரின் பதினொரு பிள்ளைகளுள் பத்தாமவர் அவர். வறுமையோடு மரபின் தடையும் அவரை எதிர்கொண்டது. உருவங்களைச் செய்தலாகாது என்ற வேதக் கட்டளையை அச்சமூகம் இறுக்கமாகக் கடைப்பிடித்தது. படம் வரைந்தமைக்காகச் சிறுவன் சூற்றீன் தமையன்மாரிடம் பலமுறை அடிவாங்கியதாகக் கூறுவர். ஊரிலுள்ள சமயப் பெரியார் ஒருவரின் உருவத்தை வரைய முயன்றபோது, அப்பெரியாரின் மகனான இறைச்சிக் கடைக்காரர் அவரைக் கடுமையாகத் தாக்கினார் என்றும், அதற்கு நட்டஈடாகக் கிடைத்த இருபத்தைந்து ரூபிளே அவர் ஊரைவிட்டுச் செல்வதற்கு வழிச்செலவாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இக்கதை பலர் வாய்ப்பட்டு வளர்ந்திருக்கலாம். எனினும், ஓவியம் அச்சிறுவனுக்குத் தண்டனையாகவும் விடுதலையாகவும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தது என்ற அதன் உட்பொருளை அவரது பிற்கால வாழ்வு மறுக்கவில்லை.

மின்ஸ்கில் முதற் பயிற்சியும், 1910ஆம் ஆண்டு முதல் வில்னா நுண்கலைப் பள்ளியிற் கல்வியும் பெற்ற சூற்றீன், 1913ஆம் ஆண்டளவிற் பாரிஸை அடைந்தார். வில்னாவில் உடன்பயின்ற கிக்கோயின், கிரெமேஞ் ஆகிய நண்பர்களும் அங்குச் சென்றனர். இக்குடிபெயர்வைத் தனிமனித ஆசையாக மட்டுங் கொள்ளலாகாது. ரஷ்யத் தலைநகரில் வதியவே யூதர் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்த காலமது. தாய்நாட்டின் கதவுகள் மூடியிருந்தமையே அவர்களை மேற்கு நோக்கித் தள்ளியது.

பாரிஸில் அவர்களுக்குப் புகலிடமாயமைந்தது ‘லா றூஷ்’ என்னும் ஓவியர் குடியிருப்பாகும். தேன்கூடு என்பது அதன் பொருள். 1900ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி முடிந்தபின் கழிக்கப்பட்ட கட்டடப் பகுதிகளைக் கொண்டு சிற்பி அல்பிரெட் பூஷே அதனை அமைத்திருந்தார். வாடகை மிகக் குறைவு, அறைகளும் அத்தகையனவே. வோஜிராட் கொல்களம் அதற்கு அண்மையில் இருந்தது. அறுபடும் விலங்குகளின் ஓலம் அங்கு வாழ்ந்தோரின் செவிகளுக்குப் பழகிய ஒன்று.

அக்காலத்துச் சூற்றீனின் வாழ்வைப் பசி என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். 1916ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த நிலைப்பொருள் ஓவியமொன்றில் தட்டில் மீன்கள் கிடக்கின்றன. அவற்றின் இருபுறத்தும் முட்கரண்டிகள் இரண்டு, எலும்புந் தோலுமான கைகளைப் போல நீள்கின்றன. உண்பவன் படத்தில் இல்லை. அவனது பசி மட்டும் இருக்கின்றது. இவ்வாண்டுகளிலேதான் மொடிலியானியின் நட்பு அவருக்குக் கிட்டியது. தாமும் வறியவராயிருந்த மொடிலியானி, நண்பரின் உருவத்தைப் பலமுறை வரைந்ததோடு, ஸ்பொறோவ்ஸ்கி என்ற ஓவிய வணிகரிடம் அவரை அறிமுகஞ் செய்தும் வைத்தார். 1920 ஜனவரியில் மொடிலியானி காசநோயால் மாண்டபோது, சூற்றீன் பிரான்சின் தென்கோடியிலுள்ள செறே என்னும் மலையூரில் வேலை செய்துகொண்டிருந்தார்.

1919 முதல் 1922 வரை செறேயில் அவர் தீட்டிய நிலக்காட்சிகளே அவரை வெளிப்பாட்டுவாத ஓவியராகக் கருதுவதற்கு முதற்காரணமாயின. புறப்பொருளின் தோற்றத்தை உள்ளவாறு தருவதினும், அதனை எதிர்கொள்ளும் உள்ளத்தின் கொந்தளிப்பை வண்ணத்தாலும் கோட்டாலும் புலப்படுத்துவதே வெளிப்பாட்டுவாதத்தின் பொதுவியல்பு எனலாம். ஜேர்மனியில் 1905ஆம் ஆண்டிலே திறெஸ்டென் நகரில் தோன்றிய ‘பாலம்’ குழுவினர் இதனை ஓர் இயக்கமாகவே வளர்த்தனர். சூற்றீனோ எக்குழுவிலுஞ் சேர்ந்தவரல்லர். கொள்கை அறிக்கை எதனையும் வெளியிட்டவருமல்லர். செறே ஓவியங்களில் மலை சரிகின்றது. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. மரமும் பாதையும் ஒரே சுழலில் முறுக்குண்டு கிடக்கின்றன. கால் ஊன்ற ஓரங்குல நிலமும் அங்கில்லை. ஆயினும், கண்முன் பொருளின்றி அவர் தூரிகை எடுப்பதில்லை என்பது கவனிக்கப்படவேண்டும். காட்சியின் முன்னோ, மாதிரியின் முன்னோ நின்றே அவர் வரைந்தார். கனவுலகைப் படைத்தவர் என்று அவரைக் கூறுதல் பொருந்தாது.

1922ஆம் ஆண்டின் இறுதியில் அவரது வாழ்வில் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவரும் செல்வந்தருமான அல்பேட் பார்ன்ஸ், பாரிஸ் ஓவிய வணிகர் போல் கியோமிடம் சூற்றீனின் ‘பலகாரச் சமையற்காரர்’ ஓவியத்தைக் கண்டு வியந்து, தொடர்ந்து ஸ்பொறோவ்ஸ்கியிடமிருந்து அவரது ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை ஒருங்கே வாங்கினார். பட்டினி கிடந்தவர் சில வாரங்களிற் பேர்பெற்ற ஓவியரானார். ஆனால் வறுமை தந்த வயிற்றுப்புண் அவரை விட்டகலவில்லை. விரும்பிய உணவை வாங்கப் பணம் வந்தபோது அதனை உண்ண உடல் இடந்தரவில்லை. புகழ் தந்த செறே ஓவியங்களையே பின்னாளில் அவர் வெறுத்தார். அவற்றைத் தேடிப் பெற்றுக் கிழித்தார், எரித்தார். இதனைப் பித்தின் செயல் என்று ஒதுக்குவது எளிது. தம் கைவேலையைத் தாமே கடுமையாக மதிப்பிட்ட ஒருவரின் செயலாகவும் இதனைக் கொள்ள இடமுண்டு.

அம்மதிப்பீட்டின் அளவுகோல் எது என்பதற்கு லூவர் அரும்பொருட்சாலை விடை தரும். சூற்றீன் அங்கு இடையறாது சென்று பழைய ஆசான்களைக் கற்றார். ஷாடானின் திருக்கை மீன் ஓவியத்தை மனத்திற்கொண்டு தாமும் திருக்கை வரைந்தார். எல்லாருள்ளும் அவர் போற்றியவர் றெம்பிராண்ட். அவர் 1655இல் வரைந்த ‘தோலுரித்த எருது’ லூவரில் உள்ளது. அதனை அடியொற்றி 1925ஆம் ஆண்டளவிற் சூற்றீன் தீட்டிய மாட்டுடல் ஓவியங்களே அவரது ஆக்கங்களுள் உலகறிந்தவை. முழு மாட்டுடலைக் கொல்களத்திலிருந்து வரவழைத்துத் தம் ஓவியக்கூடத்திலே தொங்கவிட்டார். நாட்கள் செல்ல இறைச்சி கறுத்துலர்ந்தது. நிறத்தை மீட்பதற்காக வாளியிற் குருதி கொணர்ந்து அதன்மேல் ஊற்றினார். நாற்றம் பொறாத அயலவர் முறையிட, சுகாதார அதிகாரிகள் வந்தனர். அவர்களே பின்னர் இறைச்சி கெடாதிருக்க மருந்தூசி ஏற்றும் முறையைக் கற்பித்தனர் என்பர்.

இந்நிகழ்ச்சி ஒரு வேடிக்கைக் கதையாகவே பெரிதும் எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. அதன் ஆழம் சூற்றீன் பிறந்த வீட்டை நினைவுகூரும்போதே புலனாகும். யூதர்தம் உணவு விதிப்படி குருதி முற்றாக விலக்கப்பட்டது. அறுத்த இறைச்சியைக் குருதி வடியுமாறு நீரில் ஊறவைத்து, உப்பிட்டுக் கழுவிய பின்னரே சமைப்பர். அத்தகைய வீட்டில் வளர்ந்தவர், வடித்தகற்ற வேண்டிய குருதியை வாளி வாளியாக இறைச்சிமேல் ஊற்றினார். மேலும், ஊர் இறைச்சிக்காரர் ஒரு பறவையின் கழுத்தை அறுத்துக் குருதியை வடித்ததைச் சிறுவயதிற் கண்டபோது தமக்குக் கத்த வேண்டும்போல் இருந்ததென்றும், அம்மனிதரின் முகத்திலிருந்த மகிழ்ச்சி அக்குரலைத் தம் தொண்டையிலே நிறுத்திவிட்டதென்றும், மாட்டுடலை வரைந்தபோது விடுவிக்க முயன்றது அக்குரலையே என்றும் அவர் நண்பர் ஒருவரிடம் கூறியதாக அறிகின்றோம். உருவமுங் குருதியும் விலக்கப்பட்ட வீட்டின் மகன் இவ்விரண்டையும் ஒரே கித்தானிற் கூட்டினார். அவ்வாறு கூட்டுதற்கு அவருக்குத் துணைநின்றது பித்தன்று. இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஒல்லாந்த ஆசானின் கலை. பழைய நினைவும் கற்ற கல்வியும் சந்தித்த இடமே அம்மாட்டுடல் ஓவியங்கள் என்று கூறின் தவறாகாது.

அவர் வரைந்த மனிதரும் இந்நோக்கிற் சிந்திக்கத்தக்கோர். சமையற்காரர், உணவு பரிமாறுவோர், விடுதிச் சிற்றாட்கள், பணிப்பெண்கள் ஆகியோரே அவர் மீண்டும் மீண்டும் தேர்ந்தவர்கள். பிறர் உண்பதற்காகச் சமைத்துக் கொண்டுவந்து வைப்பவர்கள் இவர்கள். செவ்வுடையும் வெள்ளுடையும் அவர்கட்குத் தொழில் அளித்த சீருடைகள். அவற்றின் மேலே காது பெருத்த, தோள் ஒடுங்கிய, காத்திருந்து களைத்த முகங்கள். சீருடை ஒருவனை மறைக்க முயல்கின்றது. சூற்றீனின் தூரிகை அவனை வெளியே கொணர்கின்றது. நகரத்தின் வாயிலிற் காத்து நின்ற குடியேறியவரின் கண்ணுக்கே இவ்வளவு துல்லியமாக இது புலப்பட்டிருக்கும்.

ஷகாலின் ஓவியங்களில் அவர் பிறந்த ஊரும் அதன் மாந்தரும் வெளிப்படையாகவே உலவுகின்றனர். சூற்றீனிடம் யூத வாழ்வின் காட்சிகள் மிக அரியன. எனினும் பாரிஸின் கலையுலகம் அவரைப் பிறப்பை வைத்தே அடையாளங் கண்டது. 1924ஆம் ஆண்டில் ‘சுயேச்சையாளர் காட்சி’யில் ஓவியர்களை நாடுவாரியாகப் பிரித்து வைக்கத் தீர்மானித்தமை பெருஞ்சர்ச்சையை எழுப்பிற்று. அடுத்த ஆண்டில் ஆந்த்ரே வார்னோ என்ற விமர்சகர் அயல்நாட்டு ஓவியர்களைப் பாராட்டும் நோக்குடன் ‘பாரிஸ் ஓவியக் குழாம்’ என்ற தொடரை வழங்கலானார். ஆயினும் அத்தொடரே, பிரெஞ்சு ஓவியர் வேறு, பாரிஸில் வாழும் பிறர் வேறு என்று பிரித்துக்காட்ட விரும்பியோர்க்குக் கருவியாகவும் பயன்பட்டது. கலை விமர்சனத்திலே தொடங்கிய பிரிவினை சட்டமாக மாறுவதற்கு நெடுங்காலஞ் செல்லவில்லை.

1930களில் கஸ்தான் குடும்பத்தினரின் ஆதரவில் சூற்றீன் ஓரளவு அமைதியாக வாழ்ந்தார். 1937இல் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண்ணான கேர்டா குறோத் அவருக்குத் துணையானார். 1940 மே மாதத்தில், ஜேர்மன் குடிமகள் என்ற காரணங்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகள் அவரைத் தடுத்து, பின் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினர். நாசிகளிடமிருந்து தப்பியவர், நாசிகளின் நாட்டினர் என்று சிறைப்பட்ட கொடுமை இது. அடுத்த மாதம் பாரிஸ் வீழ்ந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் யூதர் அனைவரும் பதிவு செய்யுமாறு ஆணை பிறந்தபோது சூற்றீனும் தம் பெயரைப் பதிந்தார். 1941 ஒக்டோபரில் அவர் பிறந்த ஸ்மிலோவிச்சியின் யூத மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். 1942 ஜூலையிற் பாரிஸில் பதின்மூவாயிரம் யூதர் இரண்டே நாட்களிற் பிடிக்கப்பட்டனர். அப்போது சூற்றீன், மரீ பேர்த் ஓரான்ஷ் என்ற பெண்மணியுடன் தூரேன் பிரதேசத்துச் சிற்றூர்களில் மறைந்து வாழ்ந்துகொண்டிருந்தார்.

போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டளவில், சிவ்றி என்னும் கிராமத்திலே தங்கியிருந்தபோது அவர் வரைந்த ‘புயலின் பின் பள்ளியிலிருந்து திரும்புதல்’ என்ற ஓவியம் ஈண்டு நினைக்கத்தக்கது. இரு சிறுபிள்ளைகள் கைகோத்துப் பாதை வழியே நடந்து வருகின்றனர். சுற்றிலும் வயலும் வானும் குமுறுகின்றன. செறேயில் எல்லாவற்றையும் புரட்டிய அதே தூரிகை இங்கு அவ்விருவரின் கைகளைப் பிரிக்கவில்லை.

1943 ஓகஸ்டில் அவரது வயிற்றுப்புண் வெடித்தது. சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சி, நேர்வழியைத் தவிர்த்துச் சுற்றுவழியாகப் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டார். அறுவைச் சிகிச்சைக்குக் காலங் கடந்துவிட்டது. ஓகஸ்ட் 9ஆம் நாள் உயிர் நீங்கியது. மொன்பர்னாஸ் மயானத்தில் நடைபெற்ற அடக்கத்திற் பிக்காசோ, கொக்தோ முதலிய மிகச் சிலரே கலந்துகொண்டனர். அவர் முகாமில் மடியவில்லை. ஆயினும் வெளிச்சத்தில் ஒரு மருத்துவமனைக்குச் செல்லும் உரிமை மறுக்கப்பட்டமையே அவரது முடிவை விரைவுபடுத்திற்று என்பதில் ஐயமில்லை.

1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நவீன கலைக்கூடம் அவரது ஓவியங்களைப் பெருங்காட்சியாக வைத்தபோது, டி கூனிங் போன்ற இளைய ஓவியர்கள் வண்ணப்பூச்சின் திண்மையே உணர்ச்சியாக மாறும் வித்தையை அவரிடங் கண்டனர். ஒல்லாந்திலிருந்து அமெரிக்காவிற் குடியேறியவர் டி கூனிங். றெம்பிராண்டின் நாட்டிலிருந்து தொடங்கிய பாடம் ஸ்மிலோவிச்சியின் தையற்காரர் மகன் வழியே கடல்கடந்து மீண்டும் ஓர் ஒல்லாந்தர் கையைச் சேர்ந்தது. கலைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டோர் பலர். அவர்கள் வகுத்த வேலிகள் எவற்றாலும் அதன் வழியை மறிக்க இயலவில்லை. ஆனால் அக்கலையைச் சுமந்து வந்த மனிதரை அவ்வேலிகள் கொன்றன. சூற்றீனின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுமாறு நம்மை வேண்டுகின்றது.