கம்பிகளின் ஜங்ஷன்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுமையத்தில் 1966-ஆம் ஆண்டில் 30 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. 1959-இல் சென்னை மவுண்ட் ரோடில் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் 14 மாடிகளையே கழுத்து நோக அண்ணாந்து பார்த்தவர்கள் நாம். இது அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேல். பெயர் ‘ஒன் வில்ஷயர்’. தபால்காரரைக் கேட்டால் 624, தெற்கு கிராண்ட் அவென்யூ என்பார். அந்த ‘ஒன்’ வெறும் ஜம்பந்தான்!

வக்கீல்களும் வியாபாரக் கம்பெனிகளும் குடியேறினார்கள். அவர்கள் காலி செய்ய நேர்ந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் அந்நாளில் டெலிபோன் என்றால் ஏ.டி. அண்டு டி. வைத்ததுதான் சட்டம். 1969-இல் எம்.சி.ஐ. என்ற சிறு கம்பெனி, செயிண்ட் லூயிக்கும் சிகாகோவுக்கும் இடையே மைக்ரோவேவ் மூலம் பேச்சை அனுப்ப அனுமதி பெற்றது. 1984, ஜனவரி முதல் தேதி, பெரிய கம்பெனியே துண்டு துண்டாகப் பிரிந்தது. போட்டிக்கு வழி பிறந்தது. ஆனால், வீட்டுக்கு வீடு ஓடிய கம்பிகளெல்லாம் போய்ச் சேருமிடம் உள்ளூர்ப் பழைய கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச். பங்காளிக்கு யார் திண்ணையில் இடம் கொடுப்பார்கள்?

அந்த எக்ஸ்சேஞ்சுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றது நம் கட்டடம். எம்.சி.ஐ. அதன் மொட்டை மாடியில் ஆன்டெனாவை நாட்டியது. புளியமரத்தடியில் ஒரு வண்டி அவிழ்த்தால் பத்து வண்டி வந்து அவிழ்ப்பதில்லையா? மற்றக் கம்பெனிகளும் வந்தன.

நாலாவது மாடியில் ஓர் அறை. அதற்குச் ‘சந்திப்பு அறை’ என்றே பொருள்படும் பெயர். ஒரு கம்பெனியின் பேச்சை இன்னொரு கம்பெனியிடம் ஒப்படைக்க, பழைய முதலாளிக்குச் சுங்கம் கட்ட வேண்டாம். அறைக்குள்ளேயே சில கஜக் கம்பியை இழுத்தால் போதும். எங்கள் விழுப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, புதுச்சேரி, காட்பாடி என்று தண்டவாளங்கள் வந்து கூடுவதால்தானே அது ஜங்ஷன்! திண்டிவனத்தில் சாலைகள் பிரிவதால்தானே அங்கே அத்தனை பஸ்! பிற்பாடு இன்டர்நெட் வந்தபோது, ஆசியாவிலிருந்து பசிபிக் சமுத்திரத்தின் அடியில் வரும் கேபிள்கள் பலவும் கரையேறி இந்தக் கட்டடத்தைத்தான் தேடி வந்தன.

யந்திரங்களுக்குச் சூடு ஆகாது. குளிர்சாதனமும், மின்சாரம் நின்றால் ஓட டீசல் ஜெனரேட்டர்களும் இடம் கேட்டன. பல மாடிகளில் மேஜை நாற்காலி போய் இரும்பு அலமாரிகள் நின்றன. நல்ல வாடகை கொடுத்த மனிதர்களைவிட நல்ல வாடகை கொடுத்தன கம்பிகள். எந்த வீட்டுக்காரர் யோசிப்பார்?

2013-இல் கட்டடம் கைமாறியது. விலை 43 கோடியே 75 லட்சம் டாலர். நகரின் அந்தப் பகுதியில் வேறெந்த ஆபீஸ் கட்டடத்துக்கும் சதுர அடிக்கு அவ்வளவு விலை அதுவரை கிடைத்ததில்லை. வாங்கியவர்கள் ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.