மனநோய் மனையிலிருந்து ஆலோசனை அறை வரை

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்பது வெறும் ஊர்ப்பெயரன்று. அது ஒரு வசைச்சொல். தனித்திருந்து தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குத் தஞ்சோங் ரம்புத்தானில் இடம் போட்டாயிற்று" என்று நாங்கள் சிரித்ததுண்டு. பின்னாளில் ஆசிரியனான பிறகு, ஆசிரியர் அறையிலும் அதே சிரிப்பைக் கேட்டேன். ஈப்போவுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் இந்நிலை எய்திய கதை, இந்நாட்டு மனநலப் பணியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1911-ஆம் ஆண்டு, அவ்வூரில் பித்தர் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. மனநோய்க்குத் தக்க மருந்து எதுவும் கண்டறியப்படாத காலம் அது. ஆதலின், காத்தலே முதன்மையாயிற்று. குணப்படுத்தல் பின்னுக்குச் சென்றது. உள்ளே போனவர் திரும்பி வருவது அரிது என்னும் அச்சம் மக்கள் மனத்தில் ஊன்றியது. அம்மருத்துவமனை பிற்காலத்தில் 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்னும் பெயரைப் பெற்ற பின்னும் பழைய அச்சம் அகலவில்லை.

அதற்கு முன்பே கோலாலம்பூரிலும் ஒரு காப்பகம் இருந்தது. அங்கு வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் நடத்திய ஆய்வைத் தமிழராகிய நாம் அறிந்திருத்தல் நன்று. நோயாளருள் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும், மறுபகுதியினருக்கு நம்மவர் உண்ணும் புழுங்கலரிசிச் சோறும் அளிக்கப்பட்டன. பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி நோய் பரவிற்று. புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். 1907-இல் வெளியான இம்முடிவு மருத்துவ உலகிற்குப் பெரும்பயன் விளைத்தது. ஆயினும், அந்நோயாளரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்னும் எண்ணமே அக்காலத்தில் இல்லை. அவர்களுடைய சோறு அளக்கப்பட்டது. அவர்களுடைய சொல்லுக்குக் காது கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

சொல்லுக்குக் காது கொடுக்கும் முறை வியன்னா நகரில் அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னரே அரும்பியிருந்தது. 1880-ஆம் ஆண்டு முதல் யோசப் பிராயர் என்னும் மருத்துவர், பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். தம் துயரங்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நோய்க்குறிகள் தணிவதைக் கண்ட அப்பெண்ணே அதனைப் 'பேச்சு மருத்துவம்' என்றழைத்தார். அவர் அதனாலேயே முற்றும் குணமடைந்தார் என்பது மிகை. பின்னரும் மருத்துவமனைகளில் தங்க நேர்ந்தது. எனினும், பிற்காலத்தில் அவர் சிறந்த சமூகத் தொண்டராய் விளங்கினார். பிராயரும் அவர்தம் இளைய நண்பர் பிராய்டும் இவ்வரலாற்றை 1895-இல் நூலாக்கினர்.

அமெரிக்கரான கார்ல் ராஜர்ஸ் 1942-இல் வெளியிட்ட நூலில் இம்முறைக்கு வேறொரு திசை காட்டினார். வந்தவருக்கு அறிவுரை வழங்குவதினும், அவரைத் தீர்ப்பளிக்காது கேட்டு, தம் வழியைத் தாமே காணத் துணை நிற்பதே ஆலோசகர் பணி என்பது அவர் கொள்கை. 'ஆலோசகர்' என்னும் நம் சொல் இங்கே சற்று வழிதவறச் செய்கின்றது. அறிவுரை கூறுவதில் நம் ஆசிரியர்களுக்குக் குறைவேயில்லை. என்னையும் சேர்த்தே சொல்கின்றேன்.

இலண்டனில் சாட் வாரா என்னும் சமயகுரு 1953-இல் தொலைபேசி வழி ஆறுதல் பணியைத் தொடங்கினார். பூப்பெய்தியதைக் கொடிய நோயென்றெண்ணி உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியின் ஈமச்சடங்கை இளமையில் நடத்திவைத்தவர் அவர். கேட்டறிய அச்சிறுமிக்கு ஓராள் இல்லை என்பது அவர் நெஞ்சை விட்டகலவில்லை. அவ்வழியில் 1969-இல் சிங்கப்பூரிலும் 1970-இல் கோலாலம்பூரிலும் இத்தகைய பணி தொடங்கிற்று.

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் இத்தொழிலுக்கு வரம்பு கட்டியது. வாரியத்தில் பதிவு பெற்று, தொழில் நடத்தும் சான்றிதழும் உடையவரே தம்மை ஆலோசகர் எனக் கூறிக்கொள்ளலாம். ஆகவே, நாடிச் செல்வோர் அச்சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. எவரிடம் செல்வதெனத் தெரியாதோர் அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவரை முதலில் காணலாம். மருந்து தேவைப்படின், அதனை எழுதித் தருபவர் மருத்துவரே, ஆலோசகர் அல்லர்.

அறைக்குள் நிகழ்வதோ மிக எளிது. முதற்சந்திப்பில் வந்தவரின் குடும்பம், உறக்கம், உணவு, உடல்நிலை ஆகியவற்றை ஆலோசகர் வினவுவார். உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற சில வேளைகளைத் தவிர, பேசியது வெளியே போகாது என்பதை முதலிலேயே விளக்குவார். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கு மிகாது. பல வாரங்கள் தொடர வேண்டியிருக்கும். அவர் நமக்குப் பொருந்தவில்லையெனில் வேறொருவரை நாடுவதில் தவறில்லை.

சட்டமும் மாறி வந்துள்ளது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றோரைத் தண்டிக்கும் பிரிவு சிங்கப்பூரில் 2020-இலும் மலேசியாவில் 2023-இலும் நீங்கியது. அதுவரை, உதவி தேடி வாய் திறப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடுமோ என்று அஞ்ச இடமிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், தந்தையை விபத்தில் இழந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டான். "ஆண்பிள்ளை, தைரியமாக இரு" என்று நான் பன்முறை கூறியும் பயனில்லை. அன்னையை அழைத்து, பதிவு பெற்ற ஆலோசகரிடம் கூட்டிச் செல்லுமாறு சொன்னேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "ஐயா, பிள்ளையைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டார். நான் வகுப்பில் சிரித்த சிரிப்பு அப்போது நினைவுக்கு வந்தது.

அவர் மகனைக் கூட்டிச் சென்றார். முதற்சந்திப்பில் அவன் ஒரு சொல்லும் பேசவில்லையாம், ஆலோசகரும் வற்புறுத்தவில்லை. தாளும் வண்ணக்கோலும் கொடுத்து உடனிருந்தார். நான்காம் வாரம் அவன் தன் தந்தையின் மோட்டார் சைக்கிளை வரைந்து, அதன் பதிவெண்ணைப் பிழையின்றி எழுதி, அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினானாம்.