சாட்சி வாரமும் பிடியரிசியும்

தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பேராயத்தில் ஆண்டுதோறும் சாட்சி வாரம் என்று ஒரு வாரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நாட்களில் சபையார் குழுக்களாகப் பிரிந்து பக்கத்து ஊர்களுக்குப் போவார்கள், பாடுவார்கள், தங்கள் வாழ்வில் கண்டதைச் சொல்லிவிட்டு வருவார்கள். போனவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த பண்ணைக் கூலிகள். எழுத்தறியாதவர்களே அதிகம். ஒருவருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது.

இதை வளர்த்தவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்துக்கொள்ளச் சொல்வாராம். நான் ஞானஸ்நானம் பெற்றவன், நற்செய்தியைச் சொல்லாமல் இருந்தால் எனக்குக் கேடு என்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஒட்டி, தம்மோடு சேர்ந்து சொல்ல வைப்பார். குருவானவர் அபிஷேகத்தில் அல்ல, சாதாரண விசுவாசியின் ஞானஸ்நானத்திலேயே ஊழியம் தொடங்கிவிடுகிறது என்பதை அந்தக் கூலி மக்கள் தங்கள் கைகளாலேயே தொட்டு உணர்ந்தார்கள். நான் அறிந்த இறையியல் பாடங்களில் இதைவிடச் சிறந்தது இல்லை.

அசரியாவுக்கு இந்த எண்ணம் தோர்ணக்கல்லில் பிறந்ததல்ல. 1902-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் காசிலேயே கடலுக்கு இப்பால் தொண்டியில் ஊழியத்தைத் தாங்கிவருவதைக் கண்டார். எண்ணிக்கையில் அவர்களைவிட எவ்வளவோ பெரிய திருநெல்வேலிச் சபை இன்னும் அயலவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கிறதே என்ற எண்ணம் அவரை வாட்டியது. மறு ஆண்டே, 1903 பிப்ரவரி 12-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. ஆட்களும் பணமும் நம் நாட்டினுடையவையாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பணித்தளமானது. 1909-இல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே போய்க் குடியேறினார்.

சொந்தக் காசில் ஊழியத்தைத் தாங்குவது திருநெல்வேலிக்குப் புதிதும் அல்ல. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட புது விசுவாசிகளுக்கு நிலமும் வீடும் வாங்கிக்கொடுக்க, மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்திலேயே 1830-இல் தர்ம சங்கம் தொடங்கியிருந்தது. சபை மக்கள் ஒருவரை ஒருவர் தாங்கிய மரபு அது.

பிடியரிசியை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். அடுப்பில் உலை வைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அது சேர்ந்ததும் கோயிலுக்கு வரும். ஏலம் போட்டு, கிடைத்த பணம் ஊழியத்துக்குப் போகும். நம் சேகரங்களில் வழங்கிய இந்தப் பழக்கம் தோர்ணக்கல் கிராமங்களிலும் வேர்பிடித்தது. அரை வயிறு கஞ்சி குடித்தவர்களிடம் போய்க் காணிக்கை கேட்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அசரியா தயங்கவில்லை. ஏழையிடம் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவது இரக்கம் போலத் தோன்றினாலும், சபையில் அவனுக்கு உரிய இடத்தைப் பறிப்பதுதான். பிடியரிசி கொடுத்தவள் தன்னைப் பயனாளியாக நினைக்கவில்லை. அந்த ஊழியத்தின் பங்காளியாகவே நின்றாள். 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா எழுந்து, வெளிநாட்டு ஊழியர்களின் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, தங்களுக்கு நட்பும் வேண்டும் என்று கேட்டதன் பொருளும் இதுவே. எப்போதும் கொடுப்பவன் ஒருவன், எப்போதும் வாங்குபவன் ஒருவன் என்றால் அங்கே நட்பு நிற்காது.

பிற்பாடு அந்தப் பகுதியில் நிலமுடைய சாதியினரும் சபையைத் தேடி வந்தனர். தங்கள் வயலில் உழைத்தவர்களின் வாழ்வில் கண்ட மாற்றமே அவர்களை அழைத்துவந்தது என்று அசரியா எடுத்துச் சொன்னார்.

நம் சபையின் ஊழிய காலத்தை நினைவுகூரும் இந்த மலரில், எத்தனை வீடுகளைச் சந்தித்தோம், எத்தனை பேருக்கு உதவினோம் என்ற கணக்குகள் இடம்பெறும். உழைத்தவர்களுக்கு அவை பெருமை தருபவை, தரவும் வேண்டும். ஆனால், எத்தனை பேருக்கு ஊழியம் செய்ய இடம் கொடுத்தோம் என்ற கணக்கையே நான் முதலில் தேடுவேன். அசன வேலையில் விடியும்வரை வெங்காயம் உரித்து, அண்டா கழுவும் சகோதரிகளும் வாலிபர்களும் திட்டம் வகுக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்களா? நிவாரணப் பொருளை வாங்கிக்கொண்ட வீட்டாரிடம், நாளை நீங்களும் எங்களோடு வருகிறீர்களா என்று யாராவது கேட்டோமா?

அடுத்த ஊழிய காலத்துக்குப் பெயர் சேர்க்கும்போது, வழக்கமாக முன்வருகிறவர்களை எழுதிக்கொள்வதற்கு முன், இதுவரை யாரும் கேட்டிராத வீடுகளுக்குக் குருவானவரும் சேகரக் குழுவினரும் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.