படையலும் பந்தியும்: குவாதலூப் தீவின் குடும்ப விழாக்களில் தமிழ் மரபு

ஆய்வுப் பொருள்

கரீபியக் கடலில் பிரான்சு நாட்டின் ஒரு பகுதியாக இருக்கும் தீவு குவாதலூப். அங்கே ஒரு வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும், பிள்ளைக்கு முதல் நற்கருணை என்றாலும், திருமணம் என்றாலும் விருந்தினர் பந்தியில் எதிர்பார்க்கும் பதார்த்தம் 'கொலோம்போ'. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் ஆகியவற்றை அரைத்த பொடியில் ஆட்டிறைச்சியை வேகவைத்துச் சோற்றோடு பரிமாறுவார்கள். சமைக்கும் பெண் ஆப்பிரிக்க வழியினராக இருக்கலாம், இந்திய வழியினராகவும் இருக்கலாம். இருவருக்கும் தாய்மொழி கிரியோல். படித்த மொழி பிரெஞ்சு. தமிழ் பேசத் தெரிந்தவர் அந்தப் பந்தியில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் சென்றவர்களின் மொழி இத்தீவில் சில தலைமுறைகளுக்குள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. அவர்களின் குடும்பச் சடங்குகளோ மறையவில்லை. அவற்றிற் சில தீவு முழுமைக்கும் பொதுவாயின. மொழி போன இடத்தில் சடங்கு எப்படி நின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கோயிலும் நூலும் காப்பாற்றியதைவிடப் படையலும் பந்தியும் காப்பாற்றியது மிகுதி என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

கப்பலும் ஒப்பந்தமும்

1848 ஏப்ரல் 27 அன்று பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழியினரில் பலர் தாங்கள் சாட்டையடி பட்ட கரும்புத் தோட்டங்களுக்குத் திரும்ப விரும்பவில்லை. கூலியை உயர்த்தி அவர்களை அழைப்பதைவிட வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது தோட்ட உரிமையாளர்களுக்கு ஆதாயமாக இருந்தது. 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரை மார்ட்டினிக் தீவில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு குவாதலூப்பின் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தை அடைந்தது. கரையில் கிறிஸ்துமஸ் இரவு. இன்றும் தீவில் ஆண்டின் பெரிய குடும்பக் கொண்டாட்டம் அதுதான்.

தொடக்கத்தில் ஆள் சேர்ப்பு புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவே நடந்தது. 1861 ஜூலை 1 அன்று பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரிட்டிஷ் இந்தியா முழுவதையும் ஆள் சேர்ப்புக்குத் திறந்துவிட்டது. கல்கத்தாவிலிருந்தும் மக்கள் வந்தனர். ஆயினும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களே மிகுதி. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. ஆண்களோடு குறிப்பிட்ட பங்கு பெண்களும் ஏற்றப்பட வேண்டும் என்று உடன்படிக்கை விதித்தது. தோட்டத்தில் குடும்பம் என்ற ஒன்று அமைவதற்கு இந்த விதி பெரிய காரணம்.

தொழிலாளர் படும் துன்பத்தைக் கண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு 1888-இல் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குவாதலூப்புக்கு வந்திருந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வேலையும் நோயும் பல்லாயிரவரைத் தின்றுவிட்டன. எஞ்சியவர்கள் காப்பெஸ்டேர், சேன்-பிரான்சுவா, லெ மூல், போர்-லூயி முதலிய கரும்பு வட்டாரங்களில் வேரூன்றினர்.

தோட்டத்தில் பிறந்த குடும்ப விழா

ஊரில் ஒரு திருவிழா நடக்க ஊர்க்கூட்டம் வேண்டும். சாதிவாரியாக முறை வேண்டும். பரம்பரைப் பூசாரி வேண்டும். விழாவுக்கென்று ஆண்டில் ஒரு நாள் வேண்டும். தோட்டத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரே குடியிருப்பு வரிசையில் பல சாதியாரும் பல ஊராரும் கலந்து வாழ்ந்தனர். விடுமுறை தருவது முதலாளியின் விருப்பம். இந்த வறட்சியில் தழைக்கக்கூடிய வழிபாடு ஒன்றுதான்: நேர்த்திக்கடன்.

நேர்த்திக்கடனுக்கு ஊர் தேவையில்லை, ஒரு குடும்பம் போதும். குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்தால், விபத்திலிருந்து உயிர் தப்பினால், பிற்காலத்தில் பிள்ளை தேர்வில் தேறினால் குடும்பத் தலைவர் நேர்ந்ததைச் செலுத்துவார். அதற்கு முன் சில நாட்கள் இறைச்சி நீக்கி விரதம் இருப்பார்கள். அன்று மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் பூசை. மாரியம்மன் தீவின் நாவில் 'மலியெமேன்' ஆனாள். மதுரைவீரன் 'மல்தெவிலேன்' ஆனான். சேவலும் கடாவும் வெட்டப்படும். அந்த இறைச்சி கொலோம்போவாக வெந்து வாழையிலையில் வந்தவர்க்கெல்லாம் பரிமாறப்படும்.

மார்ட்டினிக்கில் நடக்கும் இதே வழிபாட்டை 1961-இல் மைக்கேல் ஹோரோவிட்ஸ், மார்ட்டன் கிளாஸ் என்ற மானிடவியலாளர் இருவர் ஆராய்ந்து எழுதினர். அங்கே பூசாரி அருள் வந்து அரிவாளின் கூர்மேல் நிற்பது விழாவின் உச்சம். நாகூர் ஆண்டவரையும் இம்மக்கள் மறக்கவில்லை. கடற்பயணிகளைக் காப்பவர் என்று தமிழகக் கடற்கரை நம்பிய ஷாகுல் ஹமீது அவர்கள், 'நகூர்மிரா' என்ற பெயரில் இந்து வழிபாட்டுக்குள்ளேயே கொடிமரம் பெற்றார். கடலில் மாதக்கணக்கில் மிதந்து வந்தவர்கள் தங்களைக் கரை சேர்த்தவருக்கு முதலில் நன்றி சொன்னதில் வியப்பு என்ன?

இந்த விழாவின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். விழாவை ஏற்றுச் செய்வது குடும்பம்; நிறைவு செய்வது பந்தி. பந்திக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் அடுத்த குடிசையில் இருந்த ஆப்பிரிக்க வழியினர். தொடக்க காலத்தில் இரு சாராருக்கும் இடையே கசப்பு இருந்தது உண்மை. கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்ற கோபம் ஒரு பக்கம். 'கூலி' என்ற இழிசொல்லின் வலி மறுபக்கம். அக்கசப்புக்கு நடுவே ஒரே இலையில் உண்ட உறவும் வளர்ந்தது. விழாவின் பெயரே இரு நிலையையும் காட்டுகிறது: கிரியோல் மொழியில் அதை நெடுங்காலம் 'கூலியின் கடவுள்' என்ற பொருள் தரும் சொல்லால் அழைத்தார்கள். இழிவாகச் சொன்னார்கள், நேர்ந்துகொள்ளவும் வந்தார்கள்.

இரண்டு நாட்காட்டிகள்

தீவில் குடும்பத்தின் நாட்காட்டி கத்தோலிக்க நாட்காட்டிதான். மார்கழிக் குளிரில் நம் வீதிகளில் பசனை வருவதைப்போல, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில் 'சாந்தே நொவேல்' என்று வீடு வீடாகக் கூடிப் பாடுகிறார்கள். ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று நண்டுச் சோறு ஆக்கி உண்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கும் முதல் நற்கருணைக்கும் 'ஷோடோ' என்ற முட்டைப் பால் பானமும் கேக்கும் தருகிறார்கள். பள்ளியிலும் ஊரிலும் மதிப்போடு வாழ ஞானஸ்நானம் தேவைப்பட்ட காலத்தில் தமிழ் வழியினரும் பிள்ளைகளைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டு முற்றத்தில் மாரியம்மனுக்கு நாட்டிய கொடியையும் இறக்கவில்லை. இரண்டையும் ஒரே குடும்பம் மனமாரச் செய்தது, இன்றும் செய்கிறது.

இவ்விரு நாட்காட்டிகளும் ஒன்றாகும் நாள் நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாள். அதற்குச் சில வாரம் முன்பே தீவெங்கும் கல்லறைகளைத் துப்புரவாக்கி வண்ணம் பூசுவார்கள். அன்று மாலை ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகள் ஏற்றப்படும். கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட கல்லறைகள் கொண்ட மொர்ன்-அ-லோ இடுகாடு அந்த இரவில் ஒளிக்குன்றாகத் தெரியும். குடும்பங்கள் அங்கேயே கூடிப் பேசி, இறந்தவரை நினைத்து, உறவைப் புதுப்பித்துக்கொள்ளும்.

தமிழ் வழிக் குடும்பங்கள் இத்தோடு நிற்பதில்லை. வீட்டில் 'சம்ப்ளானி' என்ற சடங்கைச் செய்கிறார்கள். இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்து, இலையில் படைத்து, புகை காட்டி வணங்கிய பிறகே குடும்பம் உண்ணும். சம்ப்ளானி என்பது நம் சாம்பிராணி. ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் நம் வீடுகளில் நடக்கும் படையல், திதியும் பஞ்சாங்கமும் எட்டாத தீவில், அயல் சமயத்தின் நீத்தார் நாளில் தனக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறது. புகையின் பெயரே சடங்கின் பெயராயிற்று. மந்திரம் மறந்துபோகலாம், மூக்கு அறிந்த மணம் மறப்பதில்லை.

அடுக்களையில் நின்ற சொற்கள்

எந்தச் சொற்கள் பிழைத்தன என்று பார்ப்பது இவ்வாய்வுக்கு நல்ல சான்று. கிரியோல் பேச்சில் மஞ்சள் 'மாஞ்சா', வேப்பிலை 'வெப்பெலே', பாகற்காய் 'பரோக்கா', பீர்க்கங்காய் 'பிக்கெங்கா', மிளகுத்தண்ணி 'மொல்தனி'. மத்தளம் 'மத்தலோன்', தப்பு 'தப்பு', தாளம் 'தலோம்'. விடிய விடிய ஆடும் தெருக்கூத்து 'நாட்ரோன்'. அதை நடத்தும் வாத்தியார் 'வத்தியாலு'.

இவற்றுக்குப் பொதுவான பண்பு ஒன்று உண்டு. எல்லாம் கையால் செய்யும் வேலையைச் சார்ந்த சொற்கள்: அரைப்பது, பறிப்பது, தோலைத் தீயில் காய்ச்சி அடிப்பது, ஆடுவது. வேலை நின்றவரை சொல்லும் நின்றது. வெறும் உரையாடலுக்கு உரிய சொற்களுக்குப் பிடிமானம் இல்லாததால் அவை உதிர்ந்தன. கொலோம்போ என்ற சொல்லுக்கு மூலம் இலங்கையின் கொழும்பு நகரம் என்பாரும் உண்டு. குழம்பு என்பாரும் உண்டு. பிரெஞ்சு நாவுக்கு ழகரம் வராது, அது லகரமாகும். தீவில் உள்ள ஏனைய உணவுச் சொற்கள் எல்லாம் அடுக்களைச் சொற்களாக இருக்க, இது ஒன்று மட்டும் ஊர்ப்பெயராக இருப்பது பொருந்தவில்லை. குழம்பு என்பதே ஏற்கத்தக்கது என்பது என் முடிவு.

உணவைப் போலவே தீவுக்குப் பொதுவான இன்னொன்று துணி. அதன் கதை இதைவிடப் பழையது. ஆட்கள் வருவதற்கு நூறாண்டு முன்பே, 18-ஆம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட துணி இத்தீவுகளுக்கு வந்துவிட்டது. 'மத்ராஸ்' என்றே அதற்குப் பெயர். ஆப்பிரிக்க வழிப் பெண்கள் அதைத் தலையில் கட்டி, முடிச்சின் முனைகளால் மனத்தின் நிலையைச் சொல்லும் வழக்கத்தை உண்டாக்கினர். இன்று திருமணத்திலும் திருவிழாவிலும் குவாதலூப் பெண் தன் தீவின் அடையாளமாக உடுத்துவது அதையே. 1916-இல் தொடங்கிய சமையற்காரப் பெண்கள் சங்கம் ஆண்டுதோறும் ஆகஸ்டில், புனித லொரான் திருநாளை ஒட்டி, மத்ராஸ் உடுத்திக் கூடையில் உணவேந்தித் தேவாலயத்துக்கு ஊர்வலம் போகிறது.

குடியுரிமையும் மீட்சியும்

ஒப்பந்தத்தில் வந்தவர்களிற் பலர் பிரிட்டிஷ் குடிகளாகக் கருதப்பட்டதால், தீவிலேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை மறுக்கப்பட்டது. காப்பெஸ்டேரில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் இதை எதிர்த்து 1904-இல் வழக்கில் இறங்கினார். 1923-இல் இந்திய வழியினரின் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியாகும்வரை, ஏறக்குறைய இருபதாண்டு அவர் ஓயவில்லை. தந்தையின் பெயர் பதிவேட்டில் குடும்பப் பெயராக உறைந்துபோன வழக்கத்துக்கு அவர் பெயரே சான்று. சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் உருமாறி இன்றும் வாழ்கின்றன.

உரிமை கிடைத்தது; கூடவே ஒரு வெட்கமும் வந்தது. 1946-இல் தீவு பிரான்சின் மாவட்டமானபின் பள்ளியும் அரசு வேலையும் பிரெஞ்சுப் பண்பாட்டையே மதித்தன. படித்த பிள்ளைகள் தப்பு அடிக்கும் முற்றத்திலிருந்து விலகி நின்றனர். அலை திரும்பியது 1970-களில். சிங்காரவேலு என்ற புவியியல் அறிஞர் 1975-இல் குவாதலூப் இந்தியரைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். சேன்-பிரான்சுவாவைச் சேர்ந்த எர்னஸ்ட் முத்துசாமி எழுத்தாளராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அம்மக்களின் வரலாற்றைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தார். காப்பெஸ்டேர் அருகே சாங்கியில் வண்ணச் சிற்பங்களோடு நிற்கும் கோயிலை இன்று தீவின் அரிய காட்சிகளில் ஒன்றாகக் காட்டுகிறார்கள். 2004-இல் ஒரேலி வந்த 150-ஆம் ஆண்டு தீவின் பொது நினைவாகக் கொண்டாடப்பட்டது.

இந்த மீட்சியில் ஒரு புதிய போக்கும் தெரிகிறது. இந்தியாவோடு தொடர்பு பெருகியதால் தீபாவளியும் பொங்கலும் இறக்குமதியாகின்றன. உயிர்ப்பலியை நீக்கிய வழிபாட்டையே தூயது என்று சிலர் கருதத் தொடங்கியுள்ளனர். புதிய விழாக்கள் வரட்டும். ஆனால் தோட்டத்துக் குடிசையில் பட்டினியோடும் காய்ச்சலோடும் போராடியவர்கள் காத்துத் தந்த கடாவெட்டும் தப்பிசையும் சம்ப்ளானியும் தாழ்ந்தவை என்று எவரும் சொல்ல இடமில்லை. அம்மக்களை அம்மக்களாக நிலைநிறுத்தியவை அவைதாம்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் மூன்று செய்திகள் உறுதிப்படுகின்றன. முதலாவது, ஊரும் சாதிமுறையும் கோயிலும் இல்லாத இடத்தில் தமிழ் வழிபாடு குடும்பத்தின் நேர்த்திக்கடனாகச் சுருங்கியது. அச்சுருக்கமே அதைக் காத்தது. இரண்டாவது, வழிபாட்டின் நிறைவாக அமைந்த பந்தி அயலாரை உள்ளே அழைத்தது. அவ்வழியே குழம்பு தீவின் உணவாயிற்று. மூன்றாவது, கைவேலையோடு பிணைந்த சொற்களே மொழி மறைந்தபின்னும் எஞ்சின.

இனிச் செய்ய வேண்டிய வேலை தமிழறிஞர்களுடையது. குவாதலூப், மார்ட்டினிக் பூசாரிகள் பொருள் முழுதும் விளங்காமலே செவிவழிக் கற்றும், ரோமன் எழுத்தில் குறித்துவைத்தும் பாடிவரும் பாடல்கள் 19-ஆம் நூற்றாண்டு நாட்டுப்புறத் தமிழ். மாரியம்மன் தாலாட்டோடும் மதுரைவீரன் கதையோடும் தெருக்கூத்துப் பிரதிகளோடும் அவற்றை ஒப்பிட்டுப் படித்து, பொருளை அவர்களுக்கே திருப்பிச் சொல்ல நம்மால்தான் முடியும். முதிய பூசாரிகளும் வாத்தியார்களும் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் இந்தத் தொகுப்புப் பணியை உடனே தொடங்க வேண்டும்.