கொழுந்தும் ஒழுங்கும்

ஊவா மாகாணத்திலே, பெரகலையிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் பாதையில், கொஸ்லந்த என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியால் இவ்வூரின் பெயரைப் பலர் அறிவர். ஊருக்கு மேலே, மலைமீது மலையாக எழுந்து செல்லும் சரிவுகளில், தேயிலைத் தோட்டங்கள் பச்சைப் படிக்கட்டுகளைப்போல் பரந்து கிடக்கின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக இப்பக்கம் வீசும்போது, இங்குள்ள தேயிலைக்கு ஒரு தனி மணம் பிறக்கிறது. உலகச் சந்தையில் 'ஊவா' என்னும் பெயருக்குள்ள மதிப்பு இக்காற்றினால் விளைந்தது.

ஆயினும் காற்றும் மண்ணும் கொடுத்ததைக் கெடாமற் காப்பதற்கு மனிதர் வகுத்த வேலை ஒழுங்கு ஒன்று வேண்டியிருந்தது. அந்த ஒழுங்கு எவ்வாறு பிறந்தது, எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கத் தவறியது என்பது அறியத்தக்க வரலாறாகும். விரயத்தை அகற்றி வேலையைச் சீராக்கும் முறைகளைப் பற்றி அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மிகுதியாகப் பேசப்படும் இக்காலத்தில், அவ்வரலாறு ஒரு பாடமாகவும் அமைகிறது.

இலங்கையின் மலைநாட்டில் முதலில் ஓங்கியிருந்த பயிர் கோப்பி. 1869 இல் தோன்றிய இலைநோய் அப்பயிரைப் படிப்படியாக அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். தொடக்கத்தில் கொழுந்தைக் கையாலே உருட்டினர், தணலின்மேல் உலர்த்தினர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுவை பிறந்தது. உருட்டும் பொறியும் உலர்த்தும் பொறியும் வந்த பின்னரே தேயிலை ஓர் ஆலைத் தொழிலாக மாறியது. 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகே தம்பத்தன்னையில் தொழிற்சாலை எழுந்ததும் அவ்வாண்டிலேயே. தோட்டத்துக்கும் நுகர்வோருக்கும் இடையிலிருந்த கைகளைக் குறைத்து, பொட்டலமிட்ட தேயிலையை மலிவாக விற்பது அவர் கைக்கொண்ட வணிக முறையாக இருந்தது.

பறித்த கொழுந்து உயிருள்ள பொருள். அதைக் களஞ்சியத்தில் இட்டு, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டிச் செல்ல முடியாது. சாக்கிலே திணித்து வெயிலில் வைத்தால், அது உள்ளே வெப்பமுற்றுச் சிவந்து கெடும். தோட்டத்திலே கெட்ட கொழுந்தைத் தொழிற்சாலையிலே நல்லதாக்க எவராலும் இயலாது. ஆகவே ஒரு நாளில் மும்முறை மடுவத்தில் நிறுவை நடத்தி, கொழுந்தை உடனுக்குடன் கீழே அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

தொழிற்சாலையின் கட்டட அமைப்பும் இந்த அவசரத்திற்கு ஏற்றபடியே வகுக்கப்பட்டது. கோப்பிக் காலத்துப் பெயர் மாறாமல், அதைத் தோட்டத்து மக்கள் இன்றும் 'ஸ்டோர்' என்றே அழைப்பர். மேல்மாடிகளிலே கொழுந்தைப் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வரை வாட்டுவர். வாடிய இலை துளைகளின் வழியே தன் பாரத்தாலேயே கீழ்த்தளத்துக்கு இறங்கி, உருட்டும் பொறிக்குள் விழும். அங்கிருந்து சலிப்பு, பின் நிறமும் மணமும் பிறப்பதற்காக இலையைப் பரப்பிவைக்கும் மேடை, பின் உலர்த்தும் அடுப்பு, பின் தரம் பிரிக்கும் சல்லடை, முடிவிலே பெட்டி. பரப்பிவைத்த இலை உரிய நேரத்தைக் கடந்து சிறிது பொழுது கிடந்தாலும் சுவை மங்கும். ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோகிராம் தேயிலையே கிடைக்குமாதலால், ஒவ்வொரு படியிலும் நேரும் சிறு சேதமும் கணக்கிலே பெரிதாகத் தெரியும். இவ்வாறு, பொருள் தேங்காமல் ஒரே திசையில் ஓடுவதும், முன்னைய படியின் குறை அடுத்த படிக்குப் போகாமல் தடுக்கப்படுவதும் இம்மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அன்றாட வழக்கமாயின.

இதே கருத்துகளை ஒரு முறையாகத் தொகுத்தவர்கள் ஜப்பானியர். சகிச்சி டொயோடா என்பவர் நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும் தறியை அமைத்தார். நூல் அறுந்த பின்னும் ஓடும் தறி பிழையான துணியையே நெய்யும் என்பது அவர் கண்ட உண்மை. இரண்டாம் உலகப்போருக்குப்பின், டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ இக்கருத்தை விரிவாக்கினார். தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருப்பு, வீண் சுமப்பு, வேண்டாத வேலை, தேக்கம், வீண் நடை, பிழை என விரயங்களை ஏழாக வகுத்தார். எந்தத் தொழிலாளியும் பிழையொன்றைக் கண்டால் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் உடனே வந்து பார்ப்பார். குறித்த நேரத்தில் குறை தீராவிடின் முழுத் தொடரும் நிற்கும். 1988 இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் இம்முறைக்கு 'லீன்' என்று பெயரிட்டார். ஊளைச்சதையற்ற உடலைக் குறிக்கும் சொல் அது.

இலங்கையில் இம்முறையின் எளிய வடிவமான 'ஐந்து எஸ்' நன்கு வேரூன்றியது. வேண்டாததை நீக்கல், வேண்டியதை உரிய இடத்தில் வைத்தல், துப்புரவு செய்தல், அதை விதியாக்கல், விதியைப் பழக்கமாக்கல் என்பன அவ்வைந்து படிகள். கொழும்பிலுள்ள காசல் வீதி மகளிர் மருத்துவமனை 2000 ஆம் ஆண்டளவில் இதைக் கைக்கொண்டது. பெருஞ்செலவில் கட்டடம் எழுப்பாமல், கோப்பு எங்கே, மருந்து எங்கே, நோயாளி எவ்வழியே செல்வது என்பவற்றை ஊழியர்களே கூடிச் சீராக்கினர். ஜப்பானிய உதவி நிறுவனம் அம்மருத்துவமனையைப் பிற நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது. தன்சானியா முதலிய ஆபிரிக்க நாடுகளும் அதைப் பின்பற்றின. ஆடைத் தொழிற்சாலைகளும் தேயிலைத் தொழிற்சாலைகளும் இவ்வழியிலே சென்றன. தரையிலே மஞ்சட் கோடுகளும், சுவரிலே அட்டவணைகளும், கருவிகளுக்குக் குறித்த இடங்களும் காணப்படலாயின.

இவ்வைந்தில் முதல் மூன்றும் எளியவை. ஒரு கிழமை முயன்றால் எந்த வேலைத்தலத்தையும் துப்புரவாக்கிவிடலாம். பரிசோதனைக்கு வருவோரும் பாராட்டிச் செல்வர். ஆறு மாதம் கழிந்த பின் அவ்விடம் எவ்வாறிருக்கும் என்பதே கேள்வி. பெற்ற பயன் நிலைக்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முறை ஒருவர் தலைக்குள் இருக்காமல் யாவருக்கும் தெரிந்ததாக இருத்தல் வேண்டும். குறையைக் கண்டவர் சொன்னால், அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருத்தல் வேண்டும். சீர்திருத்தத்தால் வரும் பயனில் வேலை செய்பவருக்கும் பங்கு இருத்தல் வேண்டும்.

தோட்டங்களின் வரலாற்றை இம்மூன்றாலும் அளந்து பார்த்தல் தகும். நிருவாகம் பலமுறை கைமாறியது. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், கணக்குப் புத்தகங்கள் மாறின. மாறாதிருந்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களும் ஸ்டோர் வேலையாட்களுமே. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எனத் தேர்ந்து கிள்ளும் விரலின் பழக்கமும், செடியின் மேற்பரப்பை மட்டக்குச்சி வைத்துச் சமன்பார்க்கும் கண்ணும், வாடிய இலையைக் கையிற் பிடித்துப் பதம் அறியும் தேர்ச்சியும் தாயிடமிருந்து மகளுக்கும், மூத்தவரிடமிருந்து இளையவருக்கும் சென்றன. தொழிலின் உண்மையான ஏடு அவர்களிடமே இருந்தது.

ஆனால் அந்த அறிவு கேட்கப்பட்டது அரிது. காலைப் பெரட்டிலே கட்டளை மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே சென்றது நிறுவைக் கணக்கு ஒன்றே. குறித்த எடை பறிக்காதவருக்கு அரைப்பேர் விழுந்தது. தேயிலையின் தரம் பெண்களின் விரல்நுனியிலே தங்கியிருந்தும், அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984 இலேதான். எடை ஒன்றையே அளவுகோலாக்கினால் முற்றிய இலையும் கூடையிலே சேரும். அவ்வாறு சேர்ந்ததை ஸ்டோரிலே பிரித்தெடுப்பதற்கு வேறு ஆட்கூலி செல்லும். ஒரு படியிலே சிக்கனமாகத் தோன்றியது மறுபடியிலே விரயமாயிற்று. ஆட்களைக் குறைத்தலும் எடையைக் கூட்டலுமே சீர்திருத்தம் என்று கருதுவோர், ஓனோ வகுத்த முறையின் பாதியை மட்டுமே கற்றவராவர். வேலை செய்பவரின் கண்ணையும் கருத்தையும் மதித்தலே அதன் மறுபாதி.

அம்மறுபாதி இல்லாதவிடத்து நேரக்கூடியது என்ன என்பதைக் கொஸ்லந்த மிகக் கொடிய முறையிலே அறிந்தது. இவ்வூரை அண்டிய மீரியபெத்த தோட்டப் பிரிவின் சரிவு ஆபத்தானது என்றும், அங்குள்ளோரை அப்புறப்படுத்த வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. 2014 இலும் மக்கள் அங்கேயே லயன்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், தொடர்ந்து பெய்த மழையால் ஊறிய மலை சரிந்து லயன்களை மூடியது. குடும்பங்கள் மண்ணுள் மறைந்தன. பலருடைய உடல்களும் மீட்கப்படவில்லை. உயிர் தப்பியவர்களுக்காக மக்கல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 ஒக்டோபரிலே கையளிக்கப்பட்டன.

மழையை எவரும் தடுக்க முடியாது. ஆனால் ஆபத்து அறியப்பட்டிருந்தது, எழுதப்பட்டிருந்தது, அறிவிக்கப்பட்டும் இருந்தது. டொயோட்டாவின் மொழியிலே சொன்னால், கயிறு இருமுறை இழுக்கப்பட்டது, தொடர் நிற்கவில்லை. வீட்டை விட்டுப் போகும்படி சொல்லப்பட்டவர் எங்கே போவது என்பதற்கு, உரிய காலத்தில் விடை சொல்லி முடிக்கும் கடமை ஒரு கையிலே நிலைக்காமல், ஓர் அலுவலகத்துக்கும் மற்றோர் அலுவலகத்துக்கும் இடையிலே நழுவியது. பறித்த கொழுந்து ஒரு மணி நேரம் தாமதித்தால் அதற்குக் காரணம் கேட்கும் ஒழுங்கு இருந்த இடத்திலே, மனிதர் வாழும் சரிவைப் பற்றிய எச்சரிக்கை ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஒழுங்கு இம்மலைகளுக்குப் புதிதன்று; அது இலையோடு நின்றுவிட்டமையே குறை.

ஆகவே, வேலைத்தலங்களைச் சீராக்க விழைவோர் ஊவாவிலிருந்து பெறக்கூடிய பாடம் தெளிவானது. மஞ்சட் கோடு வரைவதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒரு தோட்டத்திலே, கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, செடி நிரைகளினூடே தரையில் புதிதாக ஒரு வெடிப்பைக் காண்கிறாள் என்க. அதை அவள் யாரிடம் சொல்வாள்? கேட்டவர் அதை எந்த ஏட்டில் எழுதுவார்? எத்தனை நாளுக்குள் யார் வந்து பார்ப்பார்? வந்தவர் கண்டதை அவளுக்குத் திரும்பச் சொல்வது யார் பொறுப்பு? இந்நான்கு கேள்விகளுக்கும் அத்தோட்டத்திலுள்ள யாரைக் கேட்டாலும் ஒரே விடை கிடைக்குமானால், அங்கே சீர்திருத்தம் வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம். விடை ஆளுக்கு ஆள் வேறுபடுமானால், சுவரிலே எத்தனை நற்சான்றுகள் தொங்கினும், தொடங்க வேண்டிய வேலை இன்னும் தொடங்கப்படவில்லை என்பதே பொருள்.