வீட்டு ஏரியலுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும் மட்டும்தானா? கூரைமேல் கட்டிய ஒரு செப்புக் கம்பிக்கும் வரலாறு உண்டு. அதற்குச் சட்டம் இருந்தது, கட்டணம் இருந்தது, அபராதம் இருந்தது, ஒரு புத்தகமும் இருந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் ஊர்களை மனதில் வைத்து அந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். என்னுடைய கேள்வி ஒன்றுதான். அந்தக் கம்பியைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்தார்களே, அது ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்று யாராவது சோதித்து எழுதி வைத்தார்களா?

லைசென்ஸ் வந்த கதை

நம் நாட்டில் வானொலிக்கு முன்பே அதற்கான சட்டம் வந்துவிட்டது. 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம்தான் அது. தந்திக்காக எழுதிய சட்டத்தின் கீழேயே பிறகு ரேடியோவையும் கொண்டுவந்தார்கள்.

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. ரேடியோ வைத்திருப்பவர் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அதில் பெரும்பகுதி கம்பெனிக்குப் போகும். ஆனால் கட்டணம் கட்டாமல் கேட்டவர்களும் நிறைய. 1930இல் கம்பெனி மூடப்பட்டது.

அதன் பிறகு வந்ததுதான் 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோவை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றது. முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவைக்கு 250 ரூபாய் வரை. அந்தக் காலத்து 100 ரூபாய் என்றால் யோசித்துப் பாருங்கள்!

கரிசல் காட்டில் ஏரியல்

திருச்சி நிலையம் 1939இலும் திருநெல்வேலி நிலையம் 1963இலும் வந்தன. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இலங்கை வானொலியும் உண்டு. இவை எல்லாமே தூரத்தில் இருந்த நிலையங்கள். வால்வு ரேடியோவில் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் வெளியே உயரத்தில் ஏரியல் கட்ட வேண்டும். இரண்டு கம்புகளுக்கு நடுவே செப்புக் கம்பியை இழுத்துக் கட்டி, ஒரு முனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவருவார்கள். இன்னொரு கம்பி பெட்டியிலிருந்து மண்ணுக்குள் போகும். அதுதான் எர்த்.

செட்டுக்கு உரிய லைசென்ஸ் புத்தகத்தைத் தபாலாபீசில் வாங்க வேண்டும். அதில் பெயர், விலாசம், செட்டின் விவரம் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1970களில் அதற்கென்றே தனி வில்லைகள் ஒட்டினார்கள். கட்டணம் அப்போது சாதாரணமாக 15 ரூபாய்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் வந்தபிறகு பெட்டிக்குள்ளேயே ஃபெரைட் தண்டு ஏரியல் இருந்ததால், பல வீடுகளில் வெளிக்கம்பியே தேவைப்படவில்லை. ஆனாலும் லைசென்ஸ் போகவில்லை. அந்தப் புத்தகம் கம்பிக்கான கணக்கு அல்ல, கட்டணத்துக்கான கணக்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தபாலாபீசில் பார்த்தது பணம் கட்டியாகிவிட்டதா என்பதைத்தான். எர்த் எவ்வளவு ஆழம், கரண்ட் கம்பி எவ்வளவு தூரம் என்று அளப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. 1980களின் நடுவில் இந்த லைசென்ஸ் முறையே நின்றுபோனது.

"உலர்ந்த நாளில்"

அப்படியானால் பாதுகாப்புச் சோதனை என்பதே இல்லையா? இருந்தது, ஆனால் வேறொரு புத்தகத்தில். அதுதான் 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள். அதன் 61ஆம் விதி எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரம் வழங்குபவர் தன்னுடைய எர்த் அமைப்புகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். அதுவும் வறண்ட பருவத்தில், உலர்ந்த நாளில்! ஒவ்வொரு சோதனையின் முடிவையும் எழுதி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்ட வேண்டும்.

ஏன் உலர்ந்த நாள்? மண்ணில் மின்சாரம் ஓடுவதற்கு ஈரமும் அதில் கரைந்த உப்பும் வேண்டும். மழைக்குப் பிறகு அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். நம்ம கரிசல் மண்ணுக்கு இது ரொம்பப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் அதே மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்து எர்த் கம்பியை விட்டே விலகி நிற்கும். சித்திரையில் திடீரென்று இடி மின்னலோடு கோடை மழை வருவதும் அந்தச் சமயத்தில்தான். அதாவது எர்த் மிக மோசமாக இருக்கும்போது மின்னல் வருகிறது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்துக்குக் காரணமும் இதுதான்.

மின்னல் இறங்கும்போது எர்த் சரியில்லை என்றால் அது வேறு வழி தேடும். ரேடியோப் பெட்டி, சுவர், பக்கத்தில் நிற்கும் ஆள் என்று எதுவும் அதற்கு வழிதான். எர்த் நன்றாக இருந்தாலும் நேரடி மின்னலுக்கு முழு உத்தரவாதம் கிடையாது. மேகம் திரளும் முன்பே ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவதுதான் நல்லது.

மின்சார வாரியத்தின் எர்த்துக்கு உலர்ந்த நாள் சோதனை உண்டு, நோட்டு உண்டு. வீட்டு ஒயரிங்கையும் 5 ஆண்டுகளுக்குள் ஒருமுறை சோதிக்க 46ஆம் விதி சொன்னது. பேட்டரி ரேடியோ வைத்த வீட்டு ஏரியலின் எர்த்தோ இந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை.

அதே விதிகளில் இன்னும் இரண்டு. சாதாரண வீட்டு மின்கம்பிகள் கட்டடத்துக்கு மேலே 2.5 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்றது 79ஆம் விதி. கம்பி போட்டபிறகு அதன் அருகே புதிதாக ஏதாவது எழுப்புகிறவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது 82ஆம் விதி. தொலைக்காட்சி வந்தபோது கொடைக்கானல் தெரியவும் இலங்கை ரூபவாஹினி தெரியவும் ஆளாளுக்கு உயரமான இரும்புக் குழாய் நட்டார்கள். ஆன்டெனாவைத் திருப்பும்போது குழாய் மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த விதியை அறிந்து எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஹாம்களின் நோட்டு

தாங்களே நோட்டு எழுதியவர்களும் உண்டு. அவர்கள் ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே ஒலிபரப்புகிறவர்கள். 1978ஆம் ஆண்டு விதிகள் அவர்களிடம் லாக் புத்தகம் கேட்டன. தனித்தாள்கள் கூடாது, தைத்த நோட்டுதான் வேண்டும். தேதி, நேரம், யாருடன் பேசினார் என்று வரிசையாக எழுத வேண்டும். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்தி அனுப்ப ஹாம்கள்தான் உதவினார்கள். ஆனால் அந்த நோட்டும் அடிப்படையில் "யாரிடம் பேசினாய்?" என்று கேட்பதுதான்.

அமெரிக்காவில் சமீபத்தில் கேள்வி கொஞ்சம் மாறியது. 2021 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஹாம்கள் தங்கள் ஆன்டெனாவின் கதிர்வீச்சு வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எவ்வளவு படும் என்று தாங்களே கணக்கிட வேண்டும். முன்பே இருந்த நிலையங்களுக்கு 2023 மே வரை அவகாசம் கொடுத்தார்கள். கணக்கை எங்கும் அனுப்ப வேண்டாம். கேட்டால் காட்ட முடிய வேண்டும், அதனால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை வரம்பு மிகக் கடுமை. மனித உடலே ஓர் ஏரியல் போல அந்த அலைகளை அதிகம் உறிஞ்சும் என்பதுதான் காரணம். நம் நாட்டில் செல்போன் கோபுரங்களுக்கு 2012 செப்டம்பர் முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. கம்பெனிகளே சான்று தர வேண்டும், அதில் ஒரு பகுதியை அரசு நேரில் அளந்து பார்க்கும்.

கடைசியாக

நூறு வருஷக் கதையைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆள்பவர்களுக்கு எது கவலையோ அதற்குத்தான் நோட்டு இருந்தது. முதலில் கட்டணம் கவலை, பிறகு யார் யாருடன் பேசுகிறார் என்பது கவலை. கம்பிக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவரின் உயிர் அந்த நோட்டுக்குள் வர ரொம்பக் காலம் ஆனது.

ஏரியல் போய் டிஷ் வந்துவிட்டது. ஆனால் மொட்டை மாடியில் இரும்பு இன்னும் இருக்கிறது. மின்னலால் இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். எனவே 61ஆம் விதியை நமக்கு நாமே வைத்துக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில், மண் காய்ந்து கிடக்கும் ஒரு நாளில், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். டிஷ்ஷும் குழாயும் மின்கம்பிக்கு எவ்வளவு தூரம் என்று தரையில் நின்றே பாருங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கோடையில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.